நீலத்தை நம்புமுன்: கேவன்சைட்டைக் களத்தில் அடையாளம் காண்பது

புணேயிலிருந்து அகமதுநகர் போகும் நெடுஞ்சாலையில், நகரத்தின் வடகிழக்கு விளிம்பில் வாகோலி இருக்கிறது. கட்டடத்துக்கும் சாலைக்கும் ஜல்லி உடைத்துக் கொடுத்த ஊர். கனிமம் சேகரிப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஊரின் பெயரை அறிந்திருப்பார்கள். அதற்குக் காரணம், இங்குள்ள கல்குவாரிகளில் கிடைத்த கேவன்சைட் என்னும் நீலக் கனிமம். உலகில் மிகச் சில இடங்களில்தான் அது இருக்கிறது. அங்கும் பெரும்பாலும் லென்ஸ் வைத்துத் தேட வேண்டிய அளவுக்குச் சிறியது. கையில் எடுத்துப் பார்த்து மகிழும்படியான மாதிரிகள் வந்தது வாகோலியிலிருந்துதான்.

இதை முதலில் கண்டது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், 1960களில். ஓவைஹீ அணைக்கு அருகில் ஓரிடம், கோபிள் என்ற ஊருக்கு அருகில் இன்னோரிடம். ஸ்டேபிள்ஸ், எவன்ஸ், லிண்ட்சே என்னும் மூவர் 1973இல் அதைப் புதிய கனிமமாக விவரித்தார்கள். கால்சியம், வனேடியம், சிலிக்கேட் என்ற மூன்று சொற்களின் தலைப்பகுதிகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அதே ஆய்வில் பெண்டகோனைட் என்ற இரட்டைப் பிறவியையும் அறிவித்தார்கள். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் களத்தில் ஆளைத் திணறடிப்பது அதுதான். வாகோலியில் கேவன்சைட் ஏராளமாக வெளிவரத் தொடங்கியது 1980களின் கடைசியில்.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்துவது ஒரு வரிசையை. முதலில் பாறையைப் பாருங்கள், அடுத்து பொந்தை, அதன்பின் பொந்தில் கூட இருக்கும் கனிமங்களை, அதற்கும் பிறகு படிகத்தின் அமைப்பை. நிறத்தைக் கடைசியில் வையுங்கள். கீறிப் பார்ப்பது அதற்கும் கடைசி, முடிந்தால் வேண்டவே வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நீலத்தைக் கண்டதும் மனம் முடிவுகட்டிவிடுகிறது. மற்றதெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடும் வேலையாகிவிடுகிறது. விற்கிறவர்களில் சிலர் இந்த அவசரத்தை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பாறை

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் எரிமலைக் குழம்பு பிளவுகள் வழியாக மீண்டும் மீண்டும் பொங்கி வழிந்தது. இன்று எஞ்சியிருப்பதே ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. தக்காணப் பாறை என்று நாம் சொல்வது அதைத்தான். கறுத்து, நெருங்கிய மணிகளுடன் இருக்கும் இந்தப் பாறை பசால்ட். குழம்பு ஆறும்போது அதிலிருந்த வாயு குமிழ்களாகச் சிக்கிக்கொண்டது. குமிழ் இருந்த இடம் பின்னால் வெற்றிடமாக நின்றது. வெந்நீர் பாறைக்குள் ஊடுருவியபோது, பாறையிலிருந்தே கரைந்து வந்த பொருள்கள் அந்த வெற்றிடங்களின் சுவர்களில் படிகமாக வளர்ந்தன. பெரும்பாலும் அவை சியோலைட் குடும்பத்தைச் சேர்ந்தவை. அரிதாகச் சில இடங்களில் அந்த நீர் வனேடியத்தையும் சுமந்து வந்தது. அங்கேதான் கேவன்சைட்.

ஆகவே குமிழ்ப் பொந்துகள் இல்லாத பாறையில் இதைத் தேடிப் பயனில்லை. தமிழ்நாட்டு வாசகர்கள் கேட்கும் முதல் கேள்வி, நம் ஊர்க் கல்குவாரியில் கிடைக்குமா என்பது. கிடைக்காது. பல்லாவரம் பக்கத்துக் கல் சார்னோக்கைட். தாமஸ் ஹாலண்ட் 1893இல் அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். பூமிக்குள் மிக ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. அதில் வாயுக் குமிழ் தங்க வழியே இல்லை. நாமக்கல், கரூர்ப் பக்கத்து நைஸ் பாறைகளுக்கும் இதே கதைதான். அவற்றிலும் கறுப்பு ஜல்லி வரும், ஆனால் தேடுகிற பொருள் வராது.

வாகோலிக் குவாரிச் சுவரிலும் எல்லா இடமும் ஒன்றல்ல. இறுகிய, ஓட்டையில்லாத பசால்ட்டில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஜல்லிக்கு ஏற்றது அது, நமக்கு ஏற்றதல்ல. குழம்பு அடுக்குகளுக்கு இடையில் உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய பகுதி இருக்கும். புவியியலார் அதைப் பிரெச்சியா என்பார்கள். சிதைந்து, நிறம் மாறி, செம்பழுப்பாகவோ பச்சை கலந்த சாம்பலாகவோ தெரியும். சுத்தியால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும். துண்டுகளுக்கு இடைப்பட்ட இடுக்குகளிலும் பக்கத்துக் குமிழ்ப் பொந்துகளிலும்தான் கண்ணை ஓட்ட வேண்டும். குவாரிக்காரர்கள் ஜல்லிக்கு உதவாது என்று ஒதுக்கித் தள்ளிய குவியலில் இந்தக் கல் இருக்கும். வெடித்த சுவரின் கீழே நிற்பதைவிட அந்தக் குவியலைக் கிளறுவது பாதுகாப்பானது, பலனும் அதிகம். கையில் ஒரு தெளிப்பான் புட்டியில் தண்ணீர் கொண்டு போங்கள். தூசி மூடிய கல்லில் நீலம் தெரியாது. நனைத்ததும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் புள்ளி கூடக் கண்ணில் படும்.

பொந்துக்குள் யார் யார்

கேவன்சைட்டை அறிய விரும்புகிறவர் முதலில் ஸ்டில்பைட்டை அறிய வேண்டும். வாகோலியில் அது இல்லாமல் இது இருப்பது குறைவு. நடுவில் இறுகி இரு முனைகளிலும் விரியும் கதிர்க்கட்டு வடிவம், வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறம், பிளவுபடும் முகத்தில் மட்டும் முத்துப் பளபளப்பு: இவை மூன்றும் சேர்ந்தால் ஸ்டில்பைட் என்று துணிந்து சொல்லலாம். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் நீல உருண்டைதான் பெரும்பாலான அருங்காட்சியகங்களில் நாம் காணும் கேவன்சைட்.

அடுத்தது ஹியூலாண்டைட். அதற்கும் முத்துப் பளபளப்பு உண்டு, கடினமும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் படிகம் கதிர்க்கட்டாக விரியாது. தட்டையாக, நடுவில் அகன்று முனைகளில் குறுகிய பலகையாக இருக்கும். கால்சைட் பெரும்பாலும் உடன் இருக்கும். அது சாய்சதுரத் துண்டுகளாக உடையும். பொடித்த துணுக்கில் எலுமிச்சைச் சாறு விட்டால் மெல்ல நுரைக்கும். சில பொந்துகளில் கண்ணாடி போலத் தெளிந்த, சதுரக் குறுக்குவெட்டும் கூம்பு நுனியும் கொண்ட அப்போஃபிலைட் இருக்கும். மெல்லிய வெண்ணிழைகளாக அடர்ந்து கிடப்பது மார்டெனைட். இழை வடிவச் சியோலைட்டுகளை ஊதாதீர்கள், உலர்ந்த நிலையில் தூரிகையால் தேய்க்காதீர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எரியனைட் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானது. களத்தில் இழையைப் பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது. முகமூடி அணிந்து, நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

பொந்தின் சுவரில் நீலப்பச்சை மாவுப் பூச்சு ஒன்று தெரியலாம். புதியவர்கள் அதைக் கண்டு துள்ளுவார்கள். அது செலடோனைட், தக்காணப் பாறையில் சாதாரணமாகக் கிடைப்பது. லென்ஸில் படிக முகம் எதுவும் தெரியாது. நகத்தால் சுரண்டினால் மண்ணாக உதிரும். சில நேரம் ஹியூலாண்டைட்டுக்குள் அது கலந்து படிகம் முழுவதையும் பச்சையாக்கிவிடும். அழகானதுதான், ஆனால் வேறு பொருள்.

நீலம்

இப்போது நிறத்துக்கு வரலாம். பட்டுக்கடையில் மயில்கழுத்து நிறம் என்று ஒரு புடவையை விரிப்பார்களே, அதில் பச்சையை நன்றாகக் குறைத்து நீலத்தைக் கூட்டினால் கேவன்சைட்டின் நிறம் வரும். வனேடியமும் ஆக்சிஜனும் சேர்ந்த வனடைல் என்ற தொகுதி படிகத்துக்குள் இருப்பதால் வந்த நிறம் இது. கனிமத்தின் உடலிலேயே உள்ளது, கறை போலச் சேர்ந்ததல்ல. அதனால்தான் உருண்டையை உடைத்தாலும் உள்ளே மையம் வரை நீலமாகவே இருக்கும். இது ஒரு நல்ல சோதனை. ஏற்கனவே உடைந்துபோன உருண்டை ஒன்று கையில் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். மையத்திலிருந்து ஊசிகள் நாலாபுறமும் ஆரங்களாகப் பரவியிருக்கும், நிறம் ஊசியின் அடியிலும் நுனியிலும் இருக்கும்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், நிழலில் நின்று பாருங்கள். டார்ச் வெளிச்சம் பச்சையைக் கூட்டியோ குறைத்தோ ஏமாற்றும். வழுவழுப்பில்லாத பீங்கானில், அதாவது குளியலறை ஓட்டின் பின்பக்கத்தில், ஓர் உதிரி ஊசியைத் தேய்த்தால் நீலம் கலந்த வெள்ளைத் தூள் கிடைக்கும். கடினம் மோஸ் அளவில் 3 முதல் 4 வரை. நகம் கீறாது, இரும்பாணி கீறிவிடும். நம் நாணயங்களை வைத்துச் சோதிக்க வேண்டாம். இப்போது வருபவை பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. மின்கம்பியிலிருந்து உரித்த செம்புத் துண்டு ஏறக்குறைய 3 என்ற அளவுக்கு நம்பகமானது. ஒப்படர்த்தி சுமார் 2.3 என்று நூல்களில் இருக்கும், ஆனால் தாய்ப்பாறையோடு ஒட்டிய சிறு உருண்டையை எடைபோட்டுப் பார்க்க வழியில்லை. அந்த எண் களத்தில் உதவாது.

நீலமான மற்றக் கனிமங்களோடு குழப்பம் வருமா? கடையில் வரலாம், பசால்ட் பொந்தில் அரிது. அசுரைட் செம்புத் தாதுக்களோடு இருக்கும். இன்னும் கருநீலமாக, கையில் கனமாக இருக்கும், அமிலம் பட்டால் நுரைக்கும். கிரைசோகோல்லா மெழுகுபோல் படிந்திருக்கும், கூரிய ஊசிகள் இருக்காது. குவாரிக் குவியலில் இன்னொரு நீலம் உண்டு: வெடிக்கம்பியின் பிளாஸ்டிக் உறை. தூசிக்குள் அது நன்றாகவே கண்ணை ஏமாற்றும். கம்பி எதைப் பார்த்தாலும் தொடாதீர்கள். வெடிக்காமல் எஞ்சிய மருந்தோடு அது இணைந்திருக்கலாம். குவாரி மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள்.

பெண்டகோனைட்: ஒரே பொருள், வேறு கட்டமைப்பு

கேவன்சைட்டில் இருக்கும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில், அதே நீரோடு பெண்டகோனைட்டிலும் இருக்கின்றன. அவை அடுக்கப்பட்ட முறை மட்டும் வேறு. நிறம் ஒன்று, கடினம் ஒன்று, அடர்த்தியும் ஏறத்தாழ ஒன்று. வேதியியல் பகுப்பாய்வு இரண்டையும் பிரிக்காது. மின்னணு நுண்ணோக்கியில் தனிமங்களை எண்ணிப் பார்த்து வாங்கிய சான்றிதழைக் காட்டி இது பெண்டகோனைட் என்று யாராவது சொன்னால், அந்தச் சான்றிதழ் எதையும் நிரூபிக்கவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். பிரிக்க வல்லவை எக்ஸ்கதிர் விளிம்பு விளைவும் ராமன் நிறமாலையும். படிகத்தின் ஒளியியல் குறியும் உதவும்: கேவன்சைட்டில் நேர், பெண்டகோனைட்டில் எதிர். அதற்குத் துருவ ஒளி நுண்ணோக்கியும் பழகிய கையும் தேவை.

ஆனாலும் களத்தில் ஒரு வலுவான ஊகத்துக்கு வர முடியும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும், பொறுமை நிறைய வேண்டும்.

கேவன்சைட்டின் ஊசிகள் நெருங்கி நின்று, உருண்டையாகவோ அரை உருண்டையாகவோ மூடிக்கொள்ளும். வாகோலி உருண்டைகள் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். பெண்டகோனைட் அவ்வளவு நெருங்கி நிற்பதில்லை. நீண்ட, சற்றுத் தடித்த பட்டைகள் சில, விலகி விலகிச் சிதறலாக நிற்கும். ஒவ்வொரு பட்டையையும் தனியாகப் பார்க்க முடியும். இது முதல் துப்பு, ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. இடம் கிடைத்தால் கேவன்சைட்டும் தளர்ந்து வளரும்.

இரண்டாவது துப்புதான் முக்கியம். பெண்டகோனைட் பெரும்பாலும் தனிப் படிகமாக வளர்வதில்லை. ஐந்து படிகங்கள் ஒரே அச்சைச் சுற்றி இணைந்து வளர்கின்றன. அதனால் அதன் குறுக்குவெட்டு ஐந்து முனை விண்மீன் வடிவம் கொள்கிறது, பெயரும் அதிலிருந்தே வந்தது. பட்டையைப் பக்கவாட்டில் பார்த்தால் இது தெரியாது. மாதிரியைத் திருப்பித் திருப்பி, ஏதாவது ஒரு படிகத்தின் நுனி நேராக உங்கள் கண்ணை நோக்கும்படி பிடிக்க வேண்டும். பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ வேண்டும். முகடுகளும் அவற்றுக்கு இடையில் உள்நோக்கிய பள்ளங்களும் தெரிந்தால் பெண்டகோனைட் என்று பெயர்ச்சீட்டில் எழுதலாம். ஐந்தும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதில்லை, ஒரு பக்கம் பாறையில் புதைந்திருக்கலாம். உள்நோக்கிய பள்ளம் ஒன்று தெளிவாகத் தெரிந்தாலே கனமான சான்று. கேவன்சைட்டின் நுனி இப்படிப் பள்ளம் விழாமல் எளிய கூம்பாக முடியும்.

மூன்றாவது துப்பு கூட இருப்பவர்கள். கேவன்சைட் ஸ்டில்பைட்டோடு சேர்ந்திருப்பது வழக்கம். பெண்டகோனைட் ஹியூலாண்டைட்டோடும் மார்டெனைட்டோடும் சேர்ந்திருப்பது அதிகம். இதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு கனிமங்களையும் ஆய்வகத்தில் வெந்நீரில் வளர்த்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், பெண்டகோனைட் உருவாகக் கேவன்சைட்டை விட அதிக வெப்பம் வேண்டும் என்று கண்டார்கள். அந்த வெப்பநிலைக்கு ஏற்ற சியோலைட்டுகளே அதன் பக்கத்தில் இருக்கின்றன. உருண்டையைப் பார்த்து ஐயம் வந்தால், அதன் அடியில் இருப்பது கதிர்க்கட்டா பலகையா என்று பாருங்கள்.

மூன்று துப்புகளும் ஒத்துப்போகாவிட்டால் "கேவன்சைட் அல்லது பெண்டகோனைட்" என்றே எழுதிவையுங்கள். பெண்டகோனைட் இன்னும் அரிது, விலையும் அதிகம். அந்த ஆசையில் எழுதப்பட்ட பெயர்ச்சீட்டுகள் சேகரிப்புகளில் ஏராளம். ஐயத்தோடு எழுதிய சீட்டைப் பின்னால் ஆய்வகம் தீர்த்துவைக்கும். பொய்யாக உறுதி காட்டிய சீட்டை யாரும் மறுபடி சோதிப்பதில்லை.

ஒட்டிய மாதிரி

கேவன்சைட் பொதுவாகப் போலியாகச் செய்யப்படுவதில்லை. நிஜமான கேவன்சைட், நிஜமான ஸ்டில்பைட், ஆனால் இரண்டையும் சேர்த்தது பசை. வெடிப்பின்போதும் உடைக்கும்போதும் உருண்டைகள் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை ஒரு நல்ல ஸ்டில்பைட்டின் நடுவில் ஒட்டினால் விலை பல மடங்காகும். ஒட்டியதை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அதில் தவறில்லை என்பது என் கருத்து. மறைத்து விற்பது கனிமத்தின் வரலாற்றையே பொய்யாக்குகிறது. எது முதலில் வளர்ந்தது, எது பிறகு வந்தது என்று படிக்க வேண்டிய இடத்தில் ஒரு கடைக்காரரின் விருப்பம் பதிந்துவிடுகிறது.

உருண்டை தாய்ப்பாறையைத் தொடும் கோட்டை லென்ஸில் சுற்றிவரப் பாருங்கள். இயற்கையாக வளர்ந்ததில் நீல ஊசிகள் ஸ்டில்பைட் படிகங்களுக்கு இடையில் இறங்கியிருக்கும். சில இடங்களில் ஸ்டில்பைட் துணுக்குகள் நீலத்தின் மேலேயே வளர்ந்திருக்கும். இருவரும் கொஞ்ச காலம் சேர்ந்தே வளர்ந்ததற்கு அது அடையாளம். ஒட்டியதில் உருண்டையின் அடி முறிந்த தட்டையாக இருக்கும், அதைச் சுற்றி மெல்லிய பளபளப்பு வளையம் தெரியும், வளையத்தில் தூசியோ தாதுப் பொடியோ ஒட்டியிருக்கும். அந்தப் பொடியே ஐயத்துக்குரியது, பசையை மறைக்கத் தூவுவார்கள். பணத்தாள் சோதிக்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் பல பசைகள் நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிராத பசையும் உண்டு என்பதால் ஒளிரவில்லை என்பது சான்றாகாது. கால்சைட்டும் சில நேரம் ஒளிரும், எனவே ஒளிரும் இடத்தை மறுபடி லென்ஸில் பார்க்க வேண்டும். உடனடிப் பசையை அசிட்டோன் இளக்கும். விற்பவரின் ஒப்புதலோடு, ஊசி முனையில் ஒரு துளி வைத்துப் பார்க்கலாம்.

சாயம் ஏற்றிய மாதிரி வேறு வகை. ஒகெனைட் என்ற வெண்ணிழைக் கனிமம் மகாராஷ்டிரத்தில் நிறையக் கிடைக்கிறது. அதற்கு நீலமும் ஊதாவும் ஏற்றிச் சாலையோரக் கடைகளில் வைத்திருப்பார்கள். இழைகள் வளையும், நிறம் அடியில் வெளிறி மேலே அடர்ந்திருக்கும், ஈரத்துணியில் சில நேரம் ஒட்டும். கேவன்சைட் ஊசி வளையாது, முறியும்.

எடுப்பதும் எழுதுவதும்

கட்டடக் கல் சிறுகனிமம் என்ற வகையில் வருகிறது. அதை வெட்டும் உரிமையை மாநில அரசு கொடுக்கிறது. குத்தகைதாரரின் அனுமதி இல்லாமல் குவாரிக்குள் நுழைவது சட்ட மீறல். அனுமதி இருந்தாலும் வெடிக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, தலைக்கவசமும் கண்ணாடியும் அணிந்துதான் இறங்க வேண்டும். மழைக்காலத்தில் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், சுவர் சரியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வாகோலி 2021இல் புணே மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. குவாரி இருந்த இடங்களைச் சுற்றி அடுக்குமாடிகள் வந்துவிட்டன. போகுமுன் எந்தக் குவாரி இயங்குகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் நாசிக் அருகே சின்னரில் உள்ள கார்கோட்டி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். தக்காணத்துச் சியோலைட்டுகளைக் கண் பழகப் பார்க்க அது நல்ல இடம்.

மாதிரி கிடைத்தால் உருண்டையைச் சுற்றி உளி வைக்காதீர்கள். பாறையை அகலமாக விட்டு, தொலைவில் தட்டுங்கள். நீலப் பகுதியைக் காகிதம் தொடக் கூடாது, ஊசிகள் காகித இழையில் மாட்டி உடையும். அடிப்பாறையை மட்டும் பெட்டியில் அசையாமல் பொருத்துங்கள். வீட்டில் தண்ணீரும் மென்தூரிகையும் போதும். அமிலம் ஸ்டில்பைட்டை அரித்துவிடும், மீயொலிக் கழுவி உருண்டையை உதிர்த்துவிடும், சூடு படிகத்திலுள்ள நீரை வெளியேற்றிவிடும்.

பெயர்ச்சீட்டை அன்றே எழுதுங்கள். குவாரி, சுவரின் எந்தப் பக்கம் அல்லது எந்தக் குவியல், பிரெச்சியாவா குமிழ்ப் பாறையா, கூட இருந்த கனிமங்கள், தேதி, கீழே கிடந்ததா சுவரிலிருந்து எடுத்ததா, பழுதுபார்த்ததா. வாங்கிய மாதிரியானால் விற்றவர் சொன்னதைத் தனியாகவும், நீங்கள் லென்ஸில் கண்டதைத் தனியாகவும் எழுதுங்கள்.